குடோனுக்குள் பறவை புகுந்தால்: அறிகுறி பார்த்துச் செய்ய வேண்டியவை

ராணிப்பேட்டை சிப்காட் ஷெட்டுகள், மேல்விஷாரம் தோல் பதனிடும் டேனரிகள், ஆம்பூர் ஷூ கம்பெனிகள், ஆரணி அரிசி ஆலைகள், வேலூர் கல்யாண மண்டபங்கள் என்று இந்தப் பக்கத்துப் பெரிய கட்டடங்களில் கூரை வேலையும் வலை வேலையும் செய்துவருகிறேன். வருகிற போனில் பாதி ஒரே மாதிரிதான் தொடங்கும்: "சார், உள்ள ஒரு பறவை மாட்டிக்கிச்சு, போகவே மாட்டேங்குது." என்ன பறவை, எத்தனை நாளாக இருக்கிறது, எந்த நேரத்தில் கண்ணில் படுகிறது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. அந்த மூன்றும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. வழி தெரியாமல் மாட்டிக்கொண்ட பறவைக்கு ஒரு வைத்தியம், கூடு கட்டிக் குடியிருக்கும் பறவைக்கு வேறு வைத்தியம், இரை தேடி வந்துபோகும் பறவைக்கு இன்னொன்று. மாற்றிச் செய்தால் பறவை சாகும், தொல்லை மட்டும் அப்படியே இருக்கும்.

எந்த வேலையைத் தொடங்கும் முன்பும் கூடு, முட்டை, குஞ்சு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்குக் கொடுத்திருக்கும் விளக்கத்தில், காட்டுப்பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும் அடங்கும். பறவைகளில் காகத்தை மட்டும் முன்பு தீங்குயிர் பட்டியலில் வைத்திருந்தார்கள். 2022 திருத்தத்தில் அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டார்கள். ஆகவே "காக்காதானே" என்று சொல்லிக்கொண்டு கை வைக்க வேண்டாம். சந்தேகம் இருந்தால் மாவட்ட வன அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

கதவு திறந்தே இருக்கிறது, பறவை மேலேயே சுற்றுகிறது

அதிகம் வருவது இதுதான், அதிகம் தப்பாகக் கையாளப்படுவதும் இதுதான். சிட்டுக்குருவியோ மைனாவோ புறாவோ லோடிங் கதவு வழியாக உள்ளே வந்துவிடும். வந்ததும் ஆள் சத்தம், ஃபோர்க்லிஃப்ட் சத்தம். பயந்த பறவை மேலேதான் போகும். மேலே கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டமான ட்ரஸ்ஸுக்கு நடுவில் வெளிச்சத்துக்காகப் போட்ட ஃபைபர் ஷீட்டுகள் பளிச்சென்று வானம் மாதிரி தெரியும். அதை வானம் என்று நினைத்து முட்டும். கதவு நாம் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் பெரிய வாசல். முப்பது அடி உயரத்தில், கூரை ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டமான பர்லின் மேல் உட்கார்ந்திருக்கும் பறவைக்குக் கதவின் மேல்விளிம்பே கீழே எங்கோ இருக்கிறது. அதன் கண்ணுக்கு அது வழியாகவே படாது.

நான் இந்த வேலைக்கு வந்த புதிதில், ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ மேல்பாகம் தைக்கும் கம்பெனியின் குடோனில் இரண்டு மைனாக்கள் மாட்டிக்கொண்டன. மே மாதம், அக்னி நட்சத்திரம். தகரக் கூரைக்குக் கீழே நிற்கவே முடியவில்லை. மூங்கில் கழியில் துணி கட்டி, விசில் அடித்து, நான்கு பேர் இரண்டு மணி நேரம் துரத்தினோம். ஒரு மைனா வாயைத் திறந்தபடி இறக்கையைத் தொங்கவிட்டு ஒரு கம்பியில் உட்கார்ந்தது. மூச்சு வாங்குவது கீழேயிருந்தே தெரிந்தது. மறுபடியும் கழியை ஆட்டினோம். பறந்தது, பாதி தூரத்தில் அட்டைப்பெட்டி அடுக்கின் மேல் விழுந்தது. தண்ணீர் எடுத்துக்கொண்டு ஏறுவதற்குள் முடிந்துவிட்டது. அதன் மஞ்சள் கால்கள் இரண்டும் மடங்கியிருந்ததை நான் இன்னும் மறக்கவில்லை. அதற்கப்புறம் எந்த ஷெட்டிலும் நான் பறவையைத் துரத்தவிட்டதில்லை. வெயிலில் வாயைத் திறந்து இறக்கையைத் தளர்த்தி உட்கார்ந்திருக்கும் பறவையைப் பார்த்தால் எல்லா வேலையையும் நிறுத்துங்கள். அது அடுத்த பறத்தலில் விழும்.

சரியான வழி வெளிச்சத்தை மாற்றுவது. பகலில் ஃபைபர் ஷீட்டை மறைக்க முடியாது, அதனால் பகலில் தோற்பீர்கள். கூரை மங்கியிருந்து கதவு மட்டும் வெளுத்திருக்கும் நேரம் ஒரு நாளில் இரண்டு முறை வரும். விடியற்காலையில் கிழக்குப் பார்த்த கதவு, அந்தியில் மேற்குப் பார்த்த கதவு. இரண்டில் விடியல்தான் நல்லது. இரவு முழுக்க ஓய்வெடுத்த பறவை பசியோடு வெளியே போகத் துடிக்கும் நேரம் அது.

முதல் நாள் மாலையே சொல்லிவிடுங்கள்: இரவு ஷிப்ட் இருந்தால் அந்தப் பகுதியை மட்டுமாவது இருட்டாக விட வேண்டும். அவசர விளக்கைத் தவிர, மேலே தொங்கும் ஹைபே லைட், சுவரோர டியூப் எல்லாம் அணைய வேண்டும். மற்ற கதவுகள், ஷட்டர்கள் எல்லாம் இறக்கியிருக்கட்டும். சூரியன் வர அரைமணி நேரம் இருக்கும்போது கிழக்குக் கதவு ஒன்றை மட்டும் முழுசாகத் தூக்குங்கள், பாதி அல்ல. கதவுக்கு ஐந்தாறு அடி உள்ளே, தரையில், அகலமான தட்டில் தண்ணீரும் ஒரு கைப்பிடி நொய்யோ கம்போ வையுங்கள். பிறகு எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள். வாட்ச்மேன் உட்பட.

ஒரு முறை சிப்காட்டில் வாட்ச்மேன் அண்ணன் கேட்டார்: "இன்னா சார், லைட்ட அணைச்சா அதுக்குக் கண்ணு எப்படித் தெரியும்? எப்படிப் பூடும்?" நியாயமான கேள்வி. பகல் பறவைக்கு இருட்டில் பார்வை குறைவு, அதனால் இருட்டில் அது பறக்காது. எங்கே வெளுக்கிறதோ அங்கேதான் முதலில் பறக்கும். நாம் செய்வது, ஷெட்டில் வெளுக்கிற இடம் ஒன்றே ஒன்றாக இருக்கும்படி பார்த்துக்கொள்வது. அன்று வெளியே டீ குடித்துக்கொண்டு நின்றோம். சிட்டுக்குருவி முதலில் இறங்கிக் கதவுச் சட்டத்தில் உட்கார்ந்தது, இரண்டு முறை வாலை ஆட்டியது, அப்புறம் எங்கள் தலைக்கு மேலே போய்விட்டது. அண்ணன் டம்ளரைக் கீழே வைக்காமல் அது போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு விடியலில் போகாவிட்டால் பகலில் தண்ணீரையும் தீனியையும் அதே இடத்தில் வைத்திருந்து, மறுநாள் திரும்பச் செய்யுங்கள். சிட்டுக்குருவி மாதிரிச் சின்னப் பறவைக்குத் தண்ணீரும் தீனியும் இல்லாமல் தகரக் கூரையின் கீழ் ஒரு நாள் தாண்டுவதே கஷ்டம். இரண்டாம் விடியலிலும் போகாவிட்டால், அது மாட்டிக்கொண்ட பறவைதானா, உள்ளே கூடு வைத்திருக்கிறதா என்று திரும்ப யோசியுங்கள்.

உயரமான ஷெட்டில் பறவை இறங்கவே மறுத்தால் இன்னொரு வழி உண்டு. இரண்டு நீளக் கழிகளின் உச்சியில் ஒரு கயிறு, அதில் கல்யாணத் தோரணம் மாதிரி துணிக் கீற்றுகள். ஆளுக்கு ஒரு கழி பிடித்து, கதவுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து சத்தமில்லாமல் நடந்து வர வேண்டும். பறவை நகர்ந்தால் நாம் நிற்க வேண்டும், அது உட்கார்ந்தால் நாம் ஒரு அடி வைக்க வேண்டும். அரைமணி நேரம் ஆனாலும் ஆகட்டும். ஆட்டினால் அது துரத்தலாகிவிடும்.

காலையில் போகிறது, மாலையில் திரும்பி வருகிறது

இது மாட்டிக்கொண்ட பறவை இல்லை. அதற்கு வழி நன்றாகத் தெரியும், உங்களுக்குத்தான் தெரியாது. இரவு தங்க வருகிறது. விரட்டி ஒரு பயனும் இல்லை, ஓட்டையைக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஓட்டை தேட நல்ல நேரம் இரண்டு. உச்சி வெயிலில் எல்லா விளக்கையும் அணைத்து, கதவுகளைச் சாத்தி, உள்ளே நடுவில் நின்று ஐந்து நிமிடம் அண்ணாந்து பாருங்கள். கண் பழகியதும் நட்சத்திரம் மாதிரி வெளிச்சப் புள்ளிகள் தெரியும். முகட்டு மூடி தூக்கிக்கொண்ட இடம், சுவரும் ஷீட்டும் சேரும் இடம், பைப் நுழையும் இடம் எல்லாம் தானே காட்டிக்கொடுக்கும். செல்போனில் படம் எடுத்து, எந்தத் தூணுக்கு மேலே என்று எண் போட்டு வையுங்கள். இரண்டாவது, மாலை ஐந்தரையிலிருந்து இருட்டும் வரை வெளியே நின்று பார்ப்பது. பறவைகள் நேராக ஓட்டைக்குப் போவதில்லை. பக்கத்து மரத்திலோ மின்கம்பியிலோ உட்கார்ந்து, சுற்றிப் பார்த்து, பிறகு சட்டென்று நுழையும். அந்த 'சட்'டை விடாமல் பார்த்துவிட்டால் போதும்.

எவ்வளவு சின்ன ஓட்டை வரை அடைக்க வேண்டும்? உங்கள் கட்டைவிரல் தாராளமாக நுழைந்தால் சிட்டுக்குருவி நுழையப் பார்க்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வலை வாங்கும்போது கண் அளவைக் கேட்டு வாங்குங்கள்: சிட்டுக்குருவிக்கு 19 மில்லிமீட்டர், மைனா அளவுப் பறவைக்கு 28, புறாவுக்கு 50. கடையில் 'புறா வலை' என்று கேட்டால் பெரிய கண் வலையைத்தான் தருவார்கள். அதைப் போட்டுவிட்டு "வலை போட்டும் குருவி வருது" என்று சொல்வதில் பயனில்லை.

நெளி ஷீட்டின் ஓரத்தில் அலை அலையாக இடைவெளி இருக்கும். எங்கள் பக்கத்து ஷெட்டுகளில் முக்கால்வாசிச் சிட்டுக்குருவி அங்கேதான். ஷீட்டின் நெளிவுக்கே வெட்டிய ஃபோம் அடைப்பான் கிடைக்கிறது, அதை வைத்து அடையுங்கள். சாக்குத்துணியைத் திணிக்காதீர்கள், அதையே பிய்த்துக் கூடு கட்டும். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடாத நேரத்தில் அதன் துளை திறந்த கதவுதான். வெளிப்புறம் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பி வலை அடியுங்கள், மாதம் ஒருமுறை பஞ்சும் தூசியும் தட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் காற்றுப் போகாது. கூரை மேல் சுற்றும் காற்றாடி நின்றுபோயிருந்தால் அதன் இதழ்களுக்கு நடுவிலும் வரும். லோடிங் கதவு நாள் முழுக்கத் திறந்திருக்கத்தான் வேண்டும் என்றால், பிளாஸ்டிக் பட்டைத் திரை தொங்கவிடுங்கள். பட்டைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்க வேண்டும். ஓட்டுநர் வசதிக்காக நடுவில் நான்கு பட்டையைக் கழற்றி முடிச்சுப் போட்டு வைக்கிற பழக்கம் எல்லா இடத்திலும் இருக்கிறது. அதோடு திரை போட்ட காசு வீண்.

வைக்கோல், நூல், சுள்ளி கீழே விழுகிறது

கூடு. ஏணி போட்டுப் பார்த்தே ஆக வேண்டும். கட்டிக்கொண்டிருக்கும் கூடா, முட்டை இருக்கிறதா, குஞ்சு இருக்கிறதா என்பதைப் பொறுத்து அடுத்தது. முட்டை விழாத, பாதிக் கட்டிய கூடு என்றால் அன்றே ஓட்டையை அடைத்துவிடலாம். முட்டையோ குஞ்சோ இருந்தால் காத்திருங்கள். சிட்டுக்குருவிக்கு முட்டை வைத்ததிலிருந்து குஞ்சு பறக்க ஏறத்தாழ ஒரு மாதம். மைனாவுக்கு ஒன்றரை மாதம் வரை போகலாம். புறாவுக்கு அடைகாக்க 17, 18 நாள், அதற்குமேல் குஞ்சு வளர ஒரு மாதம். அதுவரை கூட்டுக்குக் கீழே தார்ப்பாயோ ஒரு தகரத் தட்டோ கட்டி, சரக்கை நகர்த்திவிடுங்கள். முடித்த தோல் மேல் எச்சம் விழுந்தால் அதிலிருக்கும் அமிலம் தோலின் பூச்சைத் தின்றுவிடும், துடைத்தாலும் வட்டம் போகாது. அதனால் முதலில் நகர வேண்டியது தோல் அடுக்கு.

புறாவில் ஒரு சிக்கல் உண்டு. முதல் ஈட்டுக் குஞ்சு பறக்கும் முன்பே பக்கத்தில் அடுத்த ஈடு முட்டை வைத்துவிடும். "குஞ்சு போனதும் எடுக்கலாம்" என்று சும்மா இருந்தால் வருடம் முழுக்கக் காத்திருப்பீர்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை பார்த்து, முட்டையும் குஞ்சும் இல்லாத இடைவெளி வரும் அன்றே எடுத்து, அன்றே அந்த விளிம்பை அடையுங்கள். விளிம்பில் சாய்வாக ஒரு தகரம் அடித்தாலே புறாவால் உட்கார முடியாது.

ரோலிங் ஷட்டர் பெட்டிக்குள் மைனா கட்டியிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். ஷட்டரை ஏற்றும்போது குஞ்சோடு சுருட்டிவிடும். ஒரு கல்யாண மண்டபத்தில் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் அவசரமாகப் பெட்டியைத் தகரம் வைத்து அடைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள், "உள்ளே இருந்து சத்தம் வருது" என்று. வெளியே தாய் மைனா வாயில் புழுவோடு தகரத்தைக் கொத்திக்கொண்டிருந்தது. தகரத்தைக் கழற்றினோம். மூன்று குஞ்சுகள். மூன்றும் உயிரோடிருந்தன, கழுத்தை நீட்டி வாயைப் பிளந்தன. மண்டபத்துக்காரம்மா பார்த்துவிட்டு, "அந்தக் கதவு வேணாம்ப்பா, பக்கத்துக் கதவு வழியா போகட்டும் எல்லாரும்" என்றார். இருபது நாளைக்குப் பிறகு பெட்டி காலியானது, அன்றைக்கு முறையாக அடைத்தோம்.

அரிசி, நெல், தீவனக் குடோனில் கூட்டமாகச் சிட்டுக்குருவி

ஆரணி, கலவை, செய்யாறு பக்கத்து ஆலைகளில் இது பழைய கதை. இங்கே பறவையை அழைப்பது தரையில் சிந்திய நெல். மூட்டை இறக்கிய பிறகு பெருக்காத தரை, கிழிந்த சாக்கு, களத்தில் காயும் நெல். சிந்தலை அன்றன்றே கூட்டினால் ஒரு வாரத்தில் கூட்டம் பாதியாகக் குறைவதை நீங்களே எண்ணிப் பார்க்கலாம். கூட்டாமல் வலை கட்டினால், வலையில் எங்கே தளர்வு என்று பசியோடு தேடும் நூறு குருவிகள் வெளியே இருக்கும்.

சமைத்த உணவோ பொட்டலமிடும் உணவோ இருக்கும் இடத்தில் சமரசம் கூடாது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2011 விதிகளில், பறவைகளை உணவு கையாளும் இடத்துக்குள் விடக்கூடாது என்று நேராகவே சொல்லியிருக்கிறது. ஆனால் முன்னே இருக்கும் களத்திலும் திண்ணையிலும் அவை இருக்கட்டும் என்பேன். நம் பாட்டிமார் நெற்கதிரைப் பின்னிக் குஞ்சமாக முற்றத்தில் தொங்கவிட்டது குருவிக்காகத்தான். ஒரு ஆலை முதலாளி இன்றும் வாசல் வேப்பமரத்தில் கதிர்க்குஞ்சமும் கீழே ஒரு மண்சட்டித் தண்ணீரும் வைக்கிறார். உள்ளே வலை, வெளியே தீனி. பாலாறு மணலாகக் கிடக்கும் கோடையில் பல பறவைகள் ஷெட்டுக்குள் வருவதே சொட்டும் குழாய்க்கும் ஏர்கூலர் தண்ணீருக்கும்தான். வெளியே சட்டி வைத்தால் உள்ளே வரும் தேவை குறைகிறது.

வலை கட்டிய பிறகும் உள்ளே பறவை

வலையின் கண் அளவு சரியென்றால், காரணம் மூன்றில் ஒன்று. வலை தளர்ந்திருக்கும். அல்லது பைப், கேபிள் தட்டு நுழையும் இடத்தில் கிழித்துவிட்டு மூடாமல் போயிருப்பார்கள். அல்லது பறவையை உள்ளே வைத்தே கட்டியிருப்பார்கள். கடைசிப் பக்கத்தை மூடும் முன் ஒரு விடியல் காத்திருந்து, மேலே ஒன்றும் இல்லை என்று பார்த்துவிட்டு மூட வேண்டும்.

நல்ல வலை தட்டினால் மேளத்தோல் மாதிரி விறைப்பாக இருக்கும். சுற்றிலும் எஃகுக் கயிறு ஓடி, டர்ன்பக்கிள் என்ற திருகு இறுக்கி போட்டு இறுக்கி, வலையைக் கயிற்றோடு வளையம் போட்டுப் பிடித்திருக்க வேண்டும். நைலான் கயிற்றால் அங்கங்கே முடிச்சுப் போட்டது வேலூர் வெயிலில் சீக்கிரமே தொங்கும். தொங்கும் வலையில் பறவையின் கால் சிக்கும், தலைகீழாகத் தொங்கிச் சாகும். அதைக் கீழே வேலை செய்கிறவர்கள் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சிக்கிய பறவையைக் கண்டால் துணியால் போர்த்தி, வலையை வெட்டுங்கள், பறவையை இழுக்காதீர்கள்.

இரவில் சீறல், குறட்டை மாதிரிச் சத்தம். கீழே கறுப்பு உருண்டைகள்

கூகை, ஆந்தையில் ஒரு வகை. உருண்டையை உடைத்துப் பாருங்கள்: எலி மயிர், நடுவில் ஊசி மாதிரி எலும்பு, சில நேரம் முழு மண்டையோடு. எச்சம் சுவரில் சுண்ணாம்பு ஊற்றியது போல வழிந்திருக்கும். "அபசகுனம், முதல்ல விரட்டு" என்பார்கள். உங்கள் குடோனில் எலி இருக்கிறது என்று அது சொல்கிறது, எலியையும் அதுவே தின்கிறது. முடிந்தால் விட்டுவிடுங்கள் என்பதே என் கருத்து. உணவுப் பொருள் இருப்பதால் முடியாது என்றால், குஞ்சு இல்லாத நேரமாகப் பார்த்து அனுப்புங்கள். கூகைக் குஞ்சு கூட்டை விட்டுப் பறக்கவே ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும்.

முக்கியமாக, மேலே சொன்ன விடியல் வழி இதற்கு உதவாது. இது இரவுப் பறவை. இருட்டியதும் விளக்கை எல்லாம் அணைத்து, கதவைத் திறந்து, ஆட்கள் விலக வேண்டும். கதவருகே விளக்கு வைக்கக்கூடாது.

கூரையோரம் மாலையில் வரிசையாக வெளியேறுவது வௌவாலாகவும் இருக்கலாம். அதன் புழுக்கையில் வெள்ளை இருக்காது, விரலால் நசுக்கினால் பொடியாகும். பல்லியின் புழுக்கைக்கு நுனியில் மட்டும் வெள்ளை. பறவை எச்சத்தில் வெள்ளை கலந்து பரவியிருக்கும்.

கறுப்பான சின்னப் பறவை தரையில் கிடக்கிறது, எழவில்லை

நீண்ட வளைந்த இறக்கை, மிகக் குட்டைக் கால் என்றால் அது உழவாரன். தாழ்வாரக் கூரைக்கடியில் இறகும் எச்சிலும் சேர்த்துக் கூடு கட்டும் பறவை. வாழ்நாளில் பெரும்பகுதி வானத்திலேயே இருக்கும், தரையிலிருந்து எழும்பத் திணறும். அடிபடவில்லை என்றால் மொட்டைமாடிக்கோ திறந்த மைதானத்துக்கோ எடுத்துப்போய், விரித்த உள்ளங்கையில் வைத்து, தலை உயரத்துக்குத் தூக்கி அசையாமல் நில்லுங்கள். மேலே எறியாதீர்கள். முதலில் உடம்பு நடுங்கும். உள்ளங்கையில் நகம் இறுகும். அடுத்த நொடி கை காலியாக இருக்கும்.

காலில் வளையம் போட்ட புறா

பந்தயப் புறா, வழியில் களைத்து இறங்கியது. தண்ணீரும் கம்பும் கொடுத்து, தொந்தரவு செய்யாமல் ஒரு நாள் விட்டால் தானே போய்விடும்.

சாதாரணப் புறாவைக் கூண்டு வைத்துப் பிடித்து ஜவ்வாது மலையிலோ ஏலகிரியிலோ விட்டுவிட்டு வரலாமா என்று கேட்கிறார்கள். புறாவுக்கு வீடு திரும்பத் தெரியும். நீங்கள் மலையிறங்கி வருவதற்குள் அது உங்கள் ட்ரஸ்ஸில் உட்கார்ந்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

கண்ணாடியை வந்து வந்து கொத்துகிறது

ஜவுளிக்கடை, ஷோரூம் முகப்புகளில் வரும். கண்ணாடியில் தெரியும் தன் பிம்பத்தைப் போட்டிப் பறவை என்று நினைத்து மோதுகிறது. கண்ணாடியின் வெளிப்பக்கம் இரண்டு வாரம் பேப்பர் ஒட்டுங்கள். உள்பக்கம் ஒட்டினால் பிம்பம் இன்னும் நன்றாகத் தெரியும்.

ஆள் இல்லாத இரவில் அலாரம் அடிக்கிறது

அசைவைக் கண்டு அடிக்கும் சென்சார் என்றால், பதிவில் நேரத்தைப் பாருங்கள். விடியும் நேரத்தில் திரும்பத் திரும்ப அடித்திருந்தால் உள்ளே தங்கும் பறவைதான். புகை காட்டும் கதிர் சென்சார் வேலை செய்யாமல் போனால், அதன் மேலோ அதன் கதிர்ப்பாதையிலோ கூடு இருக்கிறதா என்று ஏறிப் பாருங்கள். அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்க வேண்டாம். பசையும் கரைப்பானும் அடுக்கியிருக்கும் ஷூ குடோனில் அது உயிர் விஷயம்.

இதே காரணத்துக்காகத்தான், பறவையை விரட்டப் பட்டாசு வெடிப்பதை நான் எங்கேயும் ஒப்புக்கொள்வதில்லை. குடியாத்தம் பக்கத் தீப்பெட்டிக் குடோனாக இருந்தால் நினைத்துப் பார்க்கவே வேண்டாம்.

"ஒரு மிஷின் வாங்கி மாட்டிட்டா போதுமா?"

மனிதக் காதுக்குக் கேட்காத ஒலியை எழுப்பிப் பறவையை விரட்டும் என்று சொல்லும் பெட்டிகளை வாங்காதீர்கள். நமக்குக் கேட்காத அந்த உயர்ந்த ஒலி பறவைக்கும் பெரும்பாலும் கேட்காது. பிளாஸ்டிக் ஆந்தை சில நாளைக்கு வேலை செய்யும், பிறகு அதன் தலையிலேயே புறா உட்காரும். பருந்துக் குரல் போடும் ஸ்பீக்கரும் அப்படியே, பழகிப்போகும். அந்துருண்டை திறந்த ஷெட்டில் நெடிதான் அடிக்கும், உணவுக் குடோனில் வைக்கவே கூடாது. பசைத்தட்டை வைத்துப் பிடிப்பது கொடுமை. ஒட்டிய இறக்கையைப் பிய்த்துக்கொண்டு பறவை துடிப்பதை ஒருமுறை பார்த்தவர் இரண்டாம் முறை வைக்கமாட்டார். விஷத்தீனி சட்டப்படி குற்றம். செத்த பறவை எங்கே விழும் என்பதும் உங்கள் கையில் இல்லை.

சுத்தம் செய்த பிறகு இருமல், அல்லது ஆட்களுக்கு அரிப்பு

காய்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் பெருக்கியிருப்பார்கள். பழைய எச்சத்தில், முக்கியமாகப் புறா எச்சத்தில், நுரையீரலைத் தாக்கும் பூஞ்சைகள் வளரும். தூசியாகக் கிளம்பினால் மூச்சோடு உள்ளே போகும். என்95 முகக்கவசம், கையுறை, கண்ணாடி இல்லாமல் யாரையும் ஏற்றாதீர்கள். சோப்புத் தண்ணீரை மெதுவாகத் தெளித்து, நன்றாக ஊறவிட்டு, ஈரத்தோடு சுரண்டி, இரட்டைப் பையில் கட்டுங்கள். கிருமிநாசினி கடைசியில்தான். பழைய எச்சத்தில் அமோனியா இருக்கும், அதன் மேல் நேராகப் பிளீச்சிங் கரைசலை ஊற்றினால் நச்சு வாயு வரும். ஆஸ்துமா உள்ளவர்களையும், சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களையும், கர்ப்பிணிகளையும் இந்த வேலைக்கு விடாதீர்கள். ஒப்பந்த ஆள்தானே என்று கவசம் இல்லாமல் ஏற்றுவதை நான் பலமுறை பார்த்துச் சண்டை போட்டிருக்கிறேன். சுத்தம் செய்த சில நாளில் யாருக்காவது காய்ச்சலோடு விடாத இருமல் வந்தால், எச்சம் சுத்தம் செய்ததை டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். அவர் கேட்கமாட்டார், இவர் சொல்லமாட்டார், வெறும் சளி மருந்தோடு நாள் போகும்.

அரிப்பு என்றால் கோழிச்செள்ளு மாதிரியான பூச்சி. குஞ்சுகள் போன பிறகு காலிக்கூட்டில் பசியோடிருந்து, கீழே உட்கார்ந்து தைக்கும் பெண்கள் மேல் இறங்கும். மனித உடம்பில் அது தங்கி வாழாது. கூட்டை ஈரப்படுத்திப் பையில் கட்டி எடுத்து, அந்த விளிம்பை வாக்குவம் போட்டு, பூச்சிமருந்து அடிக்கும் ஆளைக் கூப்பிடுங்கள். மருந்து அடிக்கும் நாளில் தையல் லைனை வேறு இடத்துக்கு மாற்றிப் போடுங்கள். அடுத்த விடியலில் அந்தக் கிழக்குக் கதவைத் திறந்து வைத்து, மேலே எதுவும் மீதி இல்லை என்று பார்த்துவிட்டு, ஓட்டையை அடைக்க ஏணியை எடுங்கள்.